நாற்பத்தோராவது அடியில் ஒரு வளைவு

...அதனால்தான் சொல்கிறேன், ஒரு நீலகாய், மாட்டு உடம்பில் மான் தலை வைத்த அந்த வடநாட்டு மிருகம், மூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து அதே பலாச மரத்தடியில் நின்று என்னையே பார்த்தது என்றால் அதற்கு ஏதோ அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும், சும்மா நிற்க அது என்ன அரசாங்க ஊழியரா, நான் வரைபடத்தை விரித்து அதன் முகத்துக்கு நேரே பிடித்தேன், மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தது, தோரண வாயில் வரைந்திருந்த மூலைக்கு வந்தபோது மட்டும் மூக்கைச் சுளித்தது, அன்று மாலையே தோரண வாயிலை அழித்துவிட்டேன். இதை ஜெயசீலனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, விமானப்படையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர், இங்கே தில்லியில் எங்கள் தமிழர் சங்கத்துச் செயலாளர், "அண்ணாச்சி, காட்டு மாடு சொல்லிச்சின்னு கமிட்டி மினிட்ஸ்ல எழுத முடியாதுல்லா" என்றார். ஏன் முடியாது, முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் கட்டடம் வரைந்தவன் சொல்கிறேன், அதைவிடக் குறைந்த யோசனையோடு பேசியவர்களின் வார்த்தையையெல்லாம் மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்... சரி, ஆட்டோக்காரன் காட்டின் வாசலுக்கு நூறு கஜம் முன்னாலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான், உள்ளே குரங்கு தொந்தரவாம், எழுபத்தெட்டு வயதுக்காரன் பிப்ரவரிக் குளிரில் நடக்கலாம், ஆட்டோவைக் குரங்கு பார்த்துவிடக் கூடாது. நடக்கிறேன். நடப்பதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டால் குரங்குகளே என்னைப் பார்த்து வழி விடுகின்றன.

இன்றைக்கு முடிந்துவிடும், இன்னும் ஒரு மணி நேரம், முத்தம்மா ஒரு தடவை நடந்து பார்த்து சரி என்று சொல்லிவிட்டால் போதும், சொல்லாமல் என்ன, சொல்வாள். இரண்டாயிரத்து இருபத்தொன்று கொரோனாக் கோடையில் எங்கள் சங்கத்துக் குடும்பங்களில் மட்டும் நாற்பத்தொரு பேர் போனார்கள், லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், கோல் மார்க்கெட்காரர்கள், குடிசைப் பகுதியில் கட்டட வேலை செய்தவர்கள், ஒருத்தருக்கும் முறையாக ஒன்றும் நடக்கவில்லை, நாலு பேர் தூக்கவில்லை, ஒரு தெரு கூடி அழவில்லை. நாலு வருடம் மனுப் போட்டு, காட்டின் ஓரத்தில் இரண்டு ஏக்கரைச் சங்கம் பராமரிக்கலாம், நினைவிடம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினோம், ஆனால் சிமென்ட் கூடாது, அஸ்திவாரம் கூடாது, ஒரு மரத்தின் ஒரு கிளையை வெட்டக் கூடாது. எனக்கு இதைவிட நல்ல நிபந்தனை வாழ்க்கையில் கிடைத்ததில்லை. நான் ஒரு பாதையை வரைந்தேன். ஜெயசீலன், நாற்பத்தொரு பெயரும் வெட்டிய எட்டடிக் கருங்கல் பலகை ஒன்றை லாரியில் கொண்டுவந்து நிறுத்துவோம் என்றார். கமிட்டியில் ஓட்டு நாலுக்கு நாலு. கடைசியில் நாற்பத்தொரு வீட்டின் பெயரையும் சீட்டு எழுதி, சங்கத்து மைக் செட் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கி, எந்த வீடு வருகிறதோ அந்த வீட்டு ஆள் நடந்து பார்த்துச் சொல்வதுதான் முடிவு என்று எழுதிக்கொண்டோம். சீட்டு முத்தம்மாவுக்கு விழுந்தது. லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பிளாக்கில் நாலு வீட்டில் வேலை செய்கிறாள், புருஷன் சுப்பு கொத்தனார், அந்த மே மாதம் போனவன். வேண்டாம் என்று சொன்னால் என் பாதை சுருட்டி வைக்கப்படும், கருங்கல் வரும். எனக்கு அடுத்த கட்டடம் என்று ஒன்று இனிமேல் வரப்போவதில்லை, இதுதான் கடைசி, பதற்றம் இல்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

கருங்கல்லின் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அது பாவம் என்ன செய்யும், ஆனால் நினைவுச் சின்னம் என்று எதை நிறுத்தினாலும் ஜனங்கள் அதன் முன்னால் போய் நின்றுவிடுவார்கள், அதுதான் கஷ்டம். எழுபத்தொன்பதிலோ எண்பதிலோ ஒரு ஊழியர் குடியிருப்புக்கு இரண்டு வரைபடம் போட்டுக் கொடுத்தேன், ஒன்று பூங்கா நடுவில் நினைவுத் தூண், இன்னொன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் அறை, குமாஸ்தா உறை மாற்றிப் போட்டுவிட்டான், தூண் தொட்டிக்குப் பின்னால் சாக்கடை ஓரம் எழுந்தது, மோட்டார் அறை பூங்கா நடுவில் பளிங்கு விளிம்போடு எழுந்தது, ஒரு பெரிய அதிகாரி வந்து மலர் வளையம் வைத்தார், இரண்டு நிமிட மௌனம், இரண்டாவது நிமிடத்தில் உள்ளே மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது, அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'அவர்களின் இதயத் துடிப்பு' என்று பேசினார், ஒருத்தர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, எனக்குப் பதவி உயர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அதற்கப்புறம் அந்த மோட்டார் பதினாறு வருடம் ரிப்பேர் ஆகவே இல்லை, நம்புகிறவர்கள் நம்பலாம், மோட்டார் நம்பியது. பாப்பம்மாள் மட்டும் நம்பவே மாட்டாள், "இவரு சொல்ற கணக்குக்கு மோட்டாருக்குப் பென்ஷனே வந்திருக்கணும்" என்பாள், சாம்பாரைக் கலக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே... பாப்பம்மாள் என் மனைவி. நாற்பத்தொன்றில் ஒன்று. கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அதை என்னிடம் சொல்வதில்லை, நானும் கவனிப்பதில்லை.

பாதைக்கு வருவோம். சீமைக்கருவேலம் மண்டிய காடு, தில்லிக்காரர்கள் விலாயதி கீக்கர் என்பார்கள், நடுவில் ஒரே ஒரு பலாசம், அதைச் சுற்றி இயற்கையாகவே ஒரு வட்ட வெளி, அங்கே காட்டுக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி முழங்கால் உயரத்தில் ஒரு மேடை, வந்தவர்கள் உட்காரலாம், பூ வைக்கலாம், பேசாமல் இருக்கலாம். வந்த வழியாகத் திரும்ப முடியாது. எதிர்ப்பக்கம் பதர்பூர் சிவப்பு மணல் விரித்த ஒரு பாதை, அதில் நாற்பத்தொரு அடி, ஓர் ஆளுக்கு ஓர் அடி, நாற்பத்தோராவது அடியில் பாதை இடது பக்கம் வளைகிறது, வளைவில் ஆறடி உயரத்துக்குக் கல் சுவர், அதைத் தாண்டிவிட்டால் பலாசமும் தெரியாது, மேடையும் தெரியாது, சாலை தெரியும், பஸ் தெரியும். இதில்தான் சூட்சுமம். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் அல்லவா, நம்மில் எந்தச் சாதியிலும் அதுதானே முறை, குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு நேரே நடக்க வேண்டும், பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் கழுத்தைத் திருப்பக் கூடாது, அந்த நடை இந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் கிடைக்காமல் போயிற்று, அதை நான் கல்லில் கட்டிக் கொடுக்கிறேன், திரும்பிப் பார்க்காதே என்று பலகை எழுதி மாட்ட வேண்டியதில்லை, திரும்பினாலும் ஒன்றும் தெரியாது, சுவர் பார்த்துக்கொள்ளும். நான் இதுவரை வரைந்ததிலேயே மிகச் சரியான சுவர். எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று ஜெயசீலன் ஒரு நாள் கேட்டார், நீலகாய் என்றேன். நீலகாய் இல்லை. பாப்பம்மாள் போன அன்று எனக்கும் காய்ச்சல், நூற்று மூன்று, கட்டிலை விட்டு எழ முடியவில்லை, ஒரே பெண் சிந்துதான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போனாள், தலையிலிருந்து கால் வரை பிளாஸ்டிக் அங்கி போட்டுக்கொண்டு, வரிசையில் பதினேழாவதாக நின்று, அங்கேயிருந்து போன் பண்ணி, "அப்பா, இப்ப என்னப்பா செய்யணும்" என்று கேட்டாள், நான் சொன்னேன், வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடும்மா... அவ்வளவுதான் சொன்னேன், அதற்குமேல் மூச்சு வரவில்லை. இந்தச் சரிவில் கருங்கல் சில்லு நிறைய, கால் வைக்கும்போது பார்த்து வைக்க வேண்டும்.

வந்துவிட்டேன், மூன்று பேரும் எனக்கு முன்னாலேயே நிற்கிறார்கள். மாதிரி பிரமாதமாக இருக்கிறது, அசல் அளவுக்கு மூங்கில் நட்டு, சுவர் வரும் இடமெல்லாம் சாக்குத் துணியைச் சணலால் கட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் கல் என்றே ஒரு மயில் ஏமாந்து உச்சியில் உட்காரப் பார்த்ததாம். கட்டியவள் ஷ்ருதி, இந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர், என் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதால் வரைபடங்களில் அவள்தான் கையெழுத்து, சட்டப்படி அவள் எனக்கு மேலதிகாரி, தமிழ் அவளுக்கு ஒரு வாடகை வீடு மாதிரி, "அங்கிள், வால் ஆறடி ஒன் இன்ச் வந்திருக்கு, சலேகா?" என்றாள். சலேகா என்றால் பரவாயில்லையா என்று அர்த்தம், தாராளமாகச் சலேகா, ஒரு அங்குலம் துக்கத்துக்குப் போனால் போகட்டும். ஜெயசீலன் காதில் மஃப்ளர், கையில் ஃபைல், "அண்ணாச்சி, இப்பமும் சொல்லுதேன், பேரில்லாம என்னத்த நினைவிடம், பட்டாளத்துல துப்பாக்கிக்கே நம்பர் உண்டு, மனுசனுக்கு ஒரு பேர் வேண்டாமா" என்றார், அதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை இப்போது ஒப்புக்கொள்ள எனக்கு நேரம் இல்லை. முத்தம்மா மேடைப் பக்கம் தள்ளி நின்றிருந்தாள், சிவப்பு ஸ்வெட்டர், அதற்குமேல் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஐயா, பத்தரைக்கு டி பிளாக் மேடம் ஊட்ல இருக்கணும், ஜல்தியா முடிச்சிருவீங்களா?" என்று கேட்டாள். முடித்துவிடுவோம் முத்தம்மா, நீ நடக்க வேண்டியதுதான் பாக்கி, கொஞ்ச நேரம் உட்கார், அப்புறம் எழுந்து அந்தச் சிவப்புப் பாதையில் போ, மனசுக்கு என்ன தோன்றுகிறதோ சொல், நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். "நீங்களா?" என்றாள்.

உட்கார்ந்தாள். பலாசத்தில் இன்னும் பூ இல்லை, கறுப்பு மொட்டுதான், இன்னும் இரண்டு வாரத்தில் மரமே பற்றி எரிவது மாதிரி பூக்கும், அதையும் கணக்குப் போட்டுத்தான் மேடையை வைத்தேன், யாரும் பாராட்டப்போவதில்லை... மேடையைத் தடவிப் பார்த்தாள், கொத்தனார் வீட்டுக்காரி, கல் ஆடுகிறதா என்று ஒன்றை அசைத்துப் பார்த்தாள், ஆடவில்லை, தலையை ஆட்டிக்கொண்டாள், எனக்கு அப்போதே வெற்றி தெரிந்துவிட்டது, ஜெயசீலன் பக்கம் பார்த்தேன், அவர் ஃபைலைப் பார்த்தார். எழுந்தாள், நடந்தாள், நாங்கள் மூன்று பேரும் பாதைக்கு வெளியே அவளுக்கு இணையாகத் தள்ளி நடந்தோம், பத்து, பதினைந்து, மணலில் செருப்பு சரக் சரக் என்று, இருபது, அந்தச் சத்தத்துக்காகவே பதர்பூர் மணலைத் தேர்ந்தெடுத்தேன், தன் காலடி தனக்குக் கேட்க வேண்டும், முப்பது, தோள் கொஞ்சம் இறங்கியது, நடை தளர்ந்தது, எல்லாம் நான் வரைந்தபடி, முப்பத்தொன்பது, நாற்பது, வளைவு. நின்றாள். நிற்க வேண்டாம் முத்தம்மா, அங்கே நிற்பதற்கு ஒன்றும் இல்லை, அப்படியே போய்க்கொண்டே இரு... திரும்பினாள். முழு உடம்பும் திரும்பியது, கழுத்து மட்டும் இல்லை. சாக்குத் துணிக்கு மேலே எட்டிப் பார்த்தாள், உயரம் போதவில்லை, பெருவிரலில் எம்பினாள், அப்போதும் போதவில்லை, பக்கவாட்டில் ஒரு அடி வைத்தாள், என் சுவர்தான் எந்தப் பக்கத்திலிருந்தும் மறைக்குமே, அதற்காகத்தானே நாலு மாதம் கோணம் போட்டேன், "ஐயா, இது என்னாத்துக்கு இங்க மறைக்குது?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

நான் போய்ச் சொன்னேன், அழகாகவே சொன்னேன், திரும்பிப் பார்க்காமல் போவதுதானே முறை, பார்த்தால் போனவர்களுக்குப் போக மனசு வராது, அதனால் சுவர்... அவள் பொறுமையாகக் கேட்டாள், பாத்திரம் சரியாகத் துலக்கவில்லை என்று சொல்லும் மேடத்திடம் கேட்பது மாதிரி. "அது ஆம்பளைங்களுக்குங்க ஐயா. நாங்க எங்க சுடுகாட்டுக்குப் போனோம்? எங்கள யாரு உட்டா? பொம்பளைங்க தெருமுனை வரைக்கும்தான், அங்க நின்னு பாத்துக்கிட்டே இருப்போம், கண்ணுக்கு மறையற வரைக்கும் பாக்கணும், நடுவுல கண்ண எடுத்தா குத்தம். எங்க அத்தைய, எங்க அப்பாவ, எல்லாரையும் அப்பிடித்தான் பாத்து அனுப்பிச்சேன்." அப்புறம் சுவரைக் காட்டினாள். "அவர வண்டில ஏத்திக் கதவ சாத்திட்டாங்க, சரி, வண்டியையாவது பாத்துக்கிட்டு நிக்கலாம்னு மெயின் ரோடு வரைக்கும் ஓடுனேன், நடுவுல ஒரு தண்ணி டேங்கர்காரன் வந்து நிறுத்திட்டான், பையா பையா ஹட்டோன்னு கத்தறேன், நகரவே இல்ல, அது நகந்தப்போ ரோட்டுல ஒன்னும் இல்ல. இது அந்த டேங்கர் மாதிரியே இருக்குதுங்க ஐயா." சொல்லிவிட்டு, கேட்காமல் கொள்ளாமல், மூங்கிலில் கட்டியிருந்த சணல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள், சாக்கை மடித்து மடித்து இறக்கினாள், தோள் வரைக்கும், அப்புறம் நெஞ்சு வரைக்கும், இறக்கி மறுபடி கட்டிவிட்டு நின்று பார்த்தாள், கருவேல மரங்களுக்கு நடுவே மேடை தெரிந்தது, பலாசம் தெரிந்தது, நான் குரங்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், ஷ்ருதிக்கு அது பயமாக இருந்திருக்க வேண்டும், "அங்கிள், ஆர் யூ ஓகே?" என்றாள். முத்தம்மா நிறைய நேரம் பார்த்தாள். பிறகு பின்பக்கமாகவே அடி வைத்து, பார்த்துக்கொண்டே, ஒவ்வோர் அடியாக நகர்ந்து போனாள், மரங்கள் ஒவ்வொன்றாக மேடையை மறைத்தன, கடைசி மரமும் மறைத்த பிறகுதான் சாலைப் பக்கம் திரும்பினாள். அதற்கு அப்புறம் அவள் திரும்பவில்லை.

முப்பத்தாறு வருடம், எத்தனை ஆயிரம் படிக்கட்டு, எத்தனை ஜன்னல், சாவு வீட்டில் பாதிப் பேர் தெருமுனையில் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா, என் அம்மா நின்றதை நானே பாடையின் முன்னால் நடந்தபடி பார்த்திருக்கிறேன், இல்லை, பார்க்கவில்லை, முன்னால் நடப்பவன் எப்படிப் பார்ப்பான், அவர்கள் அங்கே நிற்பார்கள் என்று தெரியும், நின்று என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. ஜெயசீலன் ஃபைலைத் திறந்தார், பேனாவை எடுத்தார், "அண்ணாச்சி, இதை என்னன்னு எழுதட்டும், சரின்னு சொன்னாளா இல்லன்னு சொன்னாளா?" கேள்வி வந்துவிட்டது, எனக்கும் உடனே பதில் வந்துவிட்டது, வராமல் போனதே இல்லை, சுவர் மூன்றரை அடி என்று எழுதுங்கள் தம்பி, முதலிலிருந்தே என் உத்தேசம் மூன்றரைதான், ஆறடி என்பது மயிலுக்காக வைத்த மாதிரி, எப்போதும் நான் பரீட்சைக்குக் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பேன் என்றேன், முகம் கொஞ்சம்கூட மாறாமல் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "மயிலுக்காக" என்று எழுதவில்லை, மூன்றரை அடி என்று மட்டும் எழுதினார், எழுதிவிட்டு மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, அவரும் போய் அந்த வளைவில் நின்றார், அவருடைய தம்பியும் நாற்பத்தொன்றில் உண்டு, சத்தம் இல்லாமல் உதட்டை அசைத்து என்னவோ சொன்னார், பெயராகத்தான் இருக்கும். கருங்கல்லைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை. பாதை நிற்கிறது. என் பாதை, இரண்டரை அடி குறைந்திருக்கிறது, முன்பைவிட நன்றாக இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, வெளியே யார் கேட்டாலும் மூன்றரை என்றுதான் ஆரம்பித்தேன் என்பேன்.

ஆனால் சிந்து... அவளும் பெண்தானே. சின்னப் பிள்ளையாக இருந்தபோது எத்தனை தெருமுனையில் பாப்பம்மாள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள், கண்ணை எடுக்காதே என்று அம்மா சொல்லியிருப்பாள், பார்க்காதே என்று அப்பா நான் போனில் சொன்னேன், ஆண்களின் விதியை, காய்ச்சலில், ஒரு வாக்கியத்தில், அவள் யார் பேச்சைக் கேட்டாள்? வீட்டுக்கு வந்து வாசலிலேயே குளித்தாள், எனக்குக் கஞ்சி வைத்துக் கதவுக்கு வெளியே வைத்தாள், போனாயா, போனேன், ஆச்சா, ஆச்சு, நாலு வருடமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், பேச்சில் நீலகாய் வந்தது, மோட்டார் வந்தது, இது வரவில்லை. போனை எடுத்தேன், கையுறையைக் கழற்றினால்தான் அது விரலை மதிக்கும், கழற்றி, அவளுடைய ஆபீஸ் நேரம் என்று தெரிந்தும் அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். "என்னப்பா, மறுபடியும் குரங்கு கண்ணாடியத் தூக்கிட்டுப் போயிடுச்சா?" இல்லம்மா, கண்ணாடி இருக்கு. "முத்தம்மா என்ன சொன்னா, பாஸா ஃபெயிலா?" பாஸ்தான், பாஸ்தான்... அன்னைக்கு நீ திரும்பிப் பாத்தியாம்மா என்று கேட்டேன். பின்னால் யாரோ இந்தியில் ஃபைல் கேட்டார்கள், ஒரு நாற்காலி நகர்ந்தது, கதவு ஒன்று திறந்து மூடியது, அவள் வராந்தாவுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது, லோதி ரோட்டில் ஹாரன் சத்தம் தெளிவாகக் கேட்டது. "சாயங்காலம் வந்து பேசலாம்பா" என்றாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, "நீங்க சாப்பிட்டுட்டு இருங்க." வைத்துவிட்டாள். நான் போனை இன்னும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அன்னைக்கு என்றால் என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.